முழங்கைக்கு ஆள் தேடியது

என் வலது கை இப்போது வாய்க்கு எட்டுகிறது. சட்டையின் மேல் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். கையை முழுக்க நீட்ட வராது. கொஞ்சம் வளைந்தே நிற்கும். யாரோ எதையோ தரப் போகிறார்கள் என்று காத்திருப்பவன் கை மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி தனம். முழங்கையை உடைத்துக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன். ஆறுதல் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது.

நான் சென்னைத் தினசரி ஒன்றின் புதுச்சேரி நிருபர். வீடு நெல்லித்தோப்பில். ஒரு மழைநாள் மாலை தந்தி ஆபீஸுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் எதிரே மாட்டுவண்டி வந்தது. ஒதுங்கினேன். சக்கரம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். ஈரக் கட்டை முறிகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் இறங்கி வந்தார். முதலில் மாட்டின் காலைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இம்மாம் வேகமா போய் இன்னாய்யா கிழிக்கப் போற?" என்றார்.

கை தவறான திசையில் மடங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேல்கை எலும்பு ஒன்று, கீழ்க்கை எலும்புகள் இரண்டு, மூன்றும் கூடும் இடம் முழங்கை. அந்த இடத்தில் மேல்கை எலும்பின் நுனி உடைந்து விலகியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்தி, தோள் முதல் விரல் கணு வரை மாவுக்கட்டு போட்டார்கள்.

கட்டு போட்ட பிறகுதான் பயம் ஆரம்பித்தது. கட்டுக்குள்ளே வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், கை கருடன் நகம் போலச் சுருங்கி அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நர்ஸ் அடிக்கடி வந்து என் நகத்தை அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். அவள் வராத நேரத்தில் நானே அழுத்திப் பார்த்தேன். சிவக்கத் தாமதமாவது போலத் தோன்றும். கூப்பிட்டால் அவள் வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, சும்மா நோண்டாதீங்க" என்று சொல்லிப் போவாள். பக்கத்துக் கட்டிலில் வைத்திக்குப்பத்துக்காரர் ஒருவர் காலில் கட்டுடன் படுத்திருந்தார். படகுக்கும் கட்டைக்கும் நடுவே கால் மாட்டியதாம். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், மீன் ஏலத்தைப் பற்றி நான் எப்போதோ எழுதியது பொய் என்று ஆரம்பித்தார். பொய் இல்லை என்றேன். படுத்தபடியே சண்டை போட்டோம். இரண்டு பேரும் எழுந்து நிற்க முடியாதது நல்லதாகப் போயிற்று.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கை மாதிரி இல்லை. ஒல்லியாக, தோல் உரிந்து, கூழாங்கல் போல ஒரு முழங்கையுடன் இருந்தது. கை சரியாக மூலைமட்டம் போல மடங்கியிருந்தது. அதற்கு மேல் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

"எலும்பு கூடிடுச்சு. இனிமே எங்க வேலை முடிஞ்சுது" என்றார் டாக்டர். "மூட்டைச் சுத்தி இருக்கிற சவ்வு இறுகிப் போயிருக்கு. அதைப் பழக்கி அசைய வைக்கிற ஆள் வேணும். எங்ககிட்ட அந்த ஆள் இல்லை."

"வேறே எங்கே இருக்காங்க?"

"பேப்பர்காரர் நீங்க. விசாரிச்சுப் பாருங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் நிருபர் என்றாலும், சென்னை அச்சகத்தின் சம்பளப் பட்டியலில் புரூப் திருத்துபவன். நிருபர் என்று போட்டால் அதற்குரிய சம்பளம் தர வேண்டும் என்பதால் மானேஜர் செய்த ஏற்பாடு அது. ஆனால் அச்சகத் தொழிலாளர்களுக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் வந்திருந்தது. மாதாமாதம் என் சம்பளத்திலும் பிடித்தார்கள். வைத்தியச் செலவை அது ஏற்கும். நிபந்தனை உண்டு, அங்கீகாரம் பெற்றவரிடம் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். முடிவில் வேலைக்குத் தகுதியானவன் என்று இன்ஷூரன்ஸ் டாக்டர் எழுதித் தரவும் வேண்டும். அந்தச் சான்று என் வைத்திய விடுமுறை முடிவதற்குள் வராவிட்டால் புதுச்சேரிக்கு வேறு நிருபர் போடப்படும் என்று மானேஜர் எழுதியிருந்தார். கீழே, சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள் என்றும் எழுதியிருந்தார்.

புதுச்சேரியில் அங்கீகாரம் பெற்ற மசாஜ்காரர் யார் என்று இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டேன். யாரும் இல்லை என்று பதில் வந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி வருஷங்களாகியிருந்தன. ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் பிரான்ஸ் பார்லிமெண்ட் அதை இன்னும் ஏற்கவில்லை. ஆகவே சட்டப்படி புதுச்சேரி எந்த நாடு என்பதில் ஆபீஸுக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் தீராமல் இங்குள்ள யாரையும் பட்டியலில் சேர்க்க முடியாதாம். கடலூரில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகவும் என்று முடித்திருந்தார்கள்.

விடுமுறையிலும் செய்தி நிற்கக் கூடாது என்பதால், இதற்கிடையில் என் செய்திகளைத் தனம்தான் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். சாப்பாடும் அவள்தான் ஊட்டினாள்.

"எழுதுறதும் நான், ஊட்டுறதும் நான். உங்களுக்கு எதுக்குச் சம்பளம்?" என்பாள். நகரசபைக் கூட்டத்தைப் பற்றிய ஒரு செய்தியில், நான் சொல்லாத ஒரு வரியை அவளே சேர்த்துவிட்டாள். சென்னையில் அந்த வரியை மட்டும் வெட்டாமல் போட்டார்கள். அதற்காக இருவரும் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை.

கடலூருக்கு முதலியார்பேட்டை வழியாகப் பஸ். கம்பியைப் பிடிக்க இடது கை, டிக்கெட் வாங்க வலது கை. மடங்கிய கையில் கண்டக்டர் டிக்கெட்டைச் செருகிவிட்டுப் போவார். அங்கீகாரம் பெற்றவர் பெயர் முருகேசம். முன்பு தேகப்பயிற்சிப் பள்ளி நடத்தியவர். சென்னையில் வாங்கிய மசாஜ் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். தாட்டியான உடம்பு. எப்போதும் சிரித்த முகம். ஊரிலேயே என்னிடம் அன்பாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

"ரிப்போர்ட்டர் சாரா? வாங்க வாங்க. உக்காருங்க. பெண்டு எடுத்துடுவோம்" என்றார்.

எண்ணெய் காய்ச்சி முழங்கையில் ஊற்றித் தேய்த்தார். அவருடைய ஆள் ஒருவன் என் தோளைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். முருகேசம் என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கினார். பிறகு இழுத்தார். நான் கத்தினேன்.

"கத்துங்க சார், நல்லா கத்துங்க. கத்தினாத்தான் கழலும்" என்றார் சிரித்துக்கொண்டே. வாசலில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்து அவர்கள் முறை.

அன்று கொஞ்சம் அதிகமாக மடங்கியது. சந்தோஷப்பட்டேன். மறுநாள் முழங்கை வீங்கி, தொட்டால் சுட்டது. மறுபடி போனேன். மறுபடி மடங்கியது, மறுபடி வீங்கியது. வலித்தால்தான் குணமாகும் என்று நான் மட்டுமா, தெருவே நம்பியது. வலி அதிகமான நாளில் வைத்தியம் நன்றாக நடந்தது என்று தனம் அண்டை வீட்டாரிடம் சொல்வாள். சில வாரங்களில் கை, கட்டுப் பிரித்த நாளில் இருந்ததைவிடக் குறைவாக அசைந்தது. முருகேசம் என்னைவிட வருத்தப்பட்டார். தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டதாகவும், இனி முன்னேற்றத்துக்கு இடமில்லை என்றும் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பில் உடனே பாஸாயிற்று.

அந்தச் சான்றின் அர்த்தம் எனக்குப் பஸ்ஸில்தான் உறைத்தது. இனி இந்தக் கை இவ்வளவுதான், வேலை போயிற்று.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிய எக்ஸ்ரேயில் முழங்கைக்கு முன்னால் மெல்லிய மேகம் மாதிரி ஒன்று தெரிந்தது.

"யார் இழுத்தாங்க இதை?" என்றார் டாக்டர்.

"அரசாங்கம் அங்கீகரிச்சவர்."

டாக்டர் விளக்கினார். முழங்கை மற்ற மூட்டுகள் போல இல்லையாம். அங்கே பலவந்தமாகத் தேய்த்து இழுத்தால் தசை உள்ளே கிழிந்து ரத்தம் கட்டும். கட்டிய ரத்தத்தில் சுண்ணாம்பு படிந்து, தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கும். நான் படத்தில் பார்த்த மேகம் அதுதான். நான் கத்திக் கத்தி வளர்த்தது.

"உடனே நிறுத்துங்க. மதாம் பிலோமின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்ட போங்க, அவங்க ஒத்துக்கிட்டா."

"முதல்லயே ஏன் சொல்லலை?"

"அவங்க படிப்பு பிரெஞ்சுப் படிப்பு. உங்க இன்ஷூரன்ஸ் ஏத்துக்காது. அதோட..." டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "உங்களை அவங்களுக்குத் தெரியும்."

எனக்கும் அவளைத் தெரியும். புதுச்சேரியை இந்தியாவோடு சேர்க்க இணைப்புப் போராட்டம் நடந்த நாட்களில், பழைய பிரெஞ்சு நிர்வாகத்துக்கு ஒத்தூதிய குமாஸ்தாக்களைப் பற்றிப் பெயர் போட்டு எழுதியிருந்தேன். அதில் ஒருவர் அவளுடைய அண்ணன். எழுதியதில் ஒரு வரியும் பிழையில்லை, இன்றும் அதே கருத்துதான். செய்தி வந்த மறுநாள் அந்த வீட்டின் மேல் ஒரு கூட்டம் கல் எறிந்தது. அண்ணன் பிறகு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். அவள் சைகோனில் பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரியில் காயம்பட்ட சிப்பாய்களின் கைகால்களைப் பழக்கியவள். ஓய்வு பெற்று வந்து அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"முசியே நிருபர். எவன் இழுத்தான்?"

சொன்னேன்.

"நல்லா இழுத்திருக்கான். என் அண்ணன் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான்."

"ஜன்னல் கண்ணாடியை நான் உடைக்கலை" என்றேன்.

"நீ உடைப்பியா? நீ படிச்சவன். கல்ல எடுத்துக் குடுத்துட்டு எட்ட நின்ன."

திரும்பிப் போக எழுந்தேன். அவள் உட்காரச் சொன்னாள். அந்தத் தொனியைக் கேட்டுத்தான் சைகோனில் சிப்பாய்கள் உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்தேன்.

"செய்யறேன். உன் காசு ஒரு தம்பிடி வேணாம். பில்லு உன் இன்ஷூரன்சுக்குப் போவணும். என் பேரு, என் டிப்ளம், எல்லாம் போட்டு. அவங்க குடுக்கணும். குடுத்தாங்கன்னா இந்த ஊர்ல எனக்கு ஒரு தொழில் இருக்குன்னு அர்த்தம். உன் கை எனக்கு முக்கியம் இல்ல, தெரிஞ்சிக்க."

"குடுக்க மாட்டாங்க."

"எழுதறவன் நீ. எழுதி வாங்கு."

மறுநாள் முதல் போனேன். வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த தொட்டியில் கையைப் போட்டு வைக்கச் சொன்னாள். பிறகு கையை மேஜை மேல் வைத்து, "அலே, மடக்கு" என்றாள். நான் இடது கையால் வலது கையைப் பிடித்து மடக்கப் போனேன். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அந்தக் கையை எடு! இது தானா போற வரைக்கும் போதும். வலிச்சா நிறுத்து."

"வலிக்காம எப்படிக் குணமாகும்?"

"கடலூர்ல வலிச்சுதே, ஆச்சா?"

அவ்வளவுதான் வைத்தியம். அவள் என் கையைத் தொடவே இல்லை. எண்ணெய் இல்லை, தேய்ப்பு இல்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் ஏமாற்றித் தோளைத் தூக்கினால் கண்டுபிடித்துவிடுவாள். சில நாள் கழித்து என் கையில் ஒரு துணியைக் கொடுத்து ஜன்னல் கண்ணாடிகளைத் துடைக்கச் சொன்னாள். கீழிருந்து மேலே, எட்டுகிற வரைக்கும். தெருப்பக்கத்து ஜன்னல்கள்.

இது பழி தீர்ப்பதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இணைப்புக்காக எழுதிய நிருபர் பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா வீட்டு ஜன்னல் துடைக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சானது. தனத்தின் காதுக்கு அது எட்ட ஒரு வேளை கூட ஆகவில்லை. அடுத்த நாள் என் கூடவே வந்துவிட்டாள்.

"இன்னா மதாம், வைத்தியம்னு வந்தா வேலைக்காரனா வச்சிருக்கீங்களா? கையைத் தொடக்கூட மாட்டீங்களாமே. நாங்க இன்னா தீண்டக் கூடாதவங்களா?"

"தொட்டவன்தான கெடுத்தான்?" என்றாள் மதாம்.

தனம் திரும்பி என் முழங்கையைப் பார்த்தாள். மதாம் தொடர்ந்தாள்:

"முழங்கையைத் தேய்க்கக் கூடாதுன்னு எனக்குப் படிப்புல முதல் வருஷமே சொல்லிக் குடுத்தாங்க. இன்னொருத்தன் அசைச்சா அது மிரளும். அதுவே அசையணும். ஜன்னல் துடைக்கறப்போ கை எம்மாம் தூரம் போகுதுன்னு அவன் பாக்க மாட்டான், கண்ணாடியைத்தான் பாப்பான். அதுக்குத்தான். ஜன்னல் சுத்தமாவறது எனக்கு உபரி லாபம்." பிறகு தனத்தைப் பார்த்து, "வீட்ல ஊட்டறியா?" என்றாள்.

"ஆமா."

"இன்னைலேர்ந்து ஊட்டாத. பசிச்சா கை வரும்."

வெளியே வந்ததும் தனம், "திமிர் புடிச்சவ" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அன்று இரவே சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். கை வாய்க்கு எட்டாது. வாய்தான் கைக்கு வர வேண்டும். முக்காலி மேல் பலகைகளை அடுக்கி, அதன் மேல் தட்டை வைத்தாள். மோவாய்க்கு நேராகத் தட்டு இருந்தது. ஆடு தழை தின்பது போலத் தின்றேன். பாதி சட்டையில் விழுந்தது. அவள் பார்க்காத மாதிரி மோர் ஊற்றினாள். அவ்வப்போது ஒரு பலகையை எனக்குத் தெரியாமல் உருவிவிடுவாள். தட்டு கீழே இறங்க இறங்கக் கை மேலே வந்தது. பலகைகள் குறைந்ததை நான் கவனித்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் ஜன்னல் துடைக்கச் சொல்வாள் என்று பட்டது.

ஒரு மத்தியானம் தட்டு தரையில் இருந்தது. சங்கரா மீன் குழம்பு. பிசைந்தேன், எடுத்தேன், வாயில் போட்டேன். காரம் அதிகமாக இருந்தது. சொன்னேன்.

"நீங்களே சாப்பிட ஆரம்பிச்சதும் குறை சொல்ல ஆரம்பிச்சாச்சு" என்றாள் தனம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எக்ஸ்ரேயில் மேகம் ஓரங்களில் கெட்டியாகி, வளர்வதை நிறுத்தியிருந்தது. கை முழுக்க நீளாததற்கு அதுதான் காரணம். "அந்தக் கடைசிக் கொஞ்சம் வராது. அத கடலூர் தின்னுடுச்சு" என்றாள் மதாம். அனுதாபத்தோடு சொல்லவில்லை.

விடுமுறை முடியும் தறுவாயில், தகுதிச் சான்றுக்காக இன்ஷூரன்ஸ் டாக்டரைப் பார்க்கக் கடலூர் போனேன். இளைஞர். அவர் முன்னால் முருகேசத்தின் சான்று இருந்தது. கையை மடக்கச் சொன்னார். மடக்கினேன். சான்றைப் படித்தார். மறுபடி மடக்கச் சொன்னார்.

"இனி முன்னேற்றத்துக்கு இடமில்லைன்னு இதுல இருக்கே?"

"முன்னேறியிருக்கு."

"யார்கிட்ட காட்டினீங்க?"

மதாமின் பில்லைக் கொடுத்தேன். அவளே எழுதியது. என்ன செய்தாள் என்பதை ஒளிக்காமல் எழுதியிருந்தாள்: மசாஜ் செய்யவில்லை, கையை யாரும் தொட அனுமதிக்கவில்லை.

"லிஸ்ட்ல இல்லாதவங்க. மசாஜும் இல்லை. இதை வச்சு நான் என்ன எழுதறது?" அவர் கெட்டவர் இல்லை. வழி தேடினார். "ஒண்ணு பண்ணலாம். முருகேசம் இன்னொரு சான்று குடுப்பார். கொஞ்சம் தாமதமாக் குணமாச்சுன்னு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னைக்கே தகுதின்னு எழுதிடறேன்."

"மாட்டேன்."

"உங்க வேலைதான் சார் போகும்."

"தெரியும். நடக்காததை நடந்ததா எழுதிக் கையெழுத்துப் போடறது இல்லை."

"அந்த அம்மாவுக்காகவா?"

"அந்த அம்மாளை எனக்குப் பிடிக்காது" என்றேன். அது உண்மை.

அவர் பேனாவை மூடினார். விஷயம் சென்னையில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழுவுக்குப் போனது. மானேஜரிடமிருந்து கடிதம் வந்தது. புதிய நிருபரைத் தேர்ந்தெடுத்தாயிற்று, குழுவின் முடிவுக்காக மட்டும் காத்திருக்கிறோம் என்று. தனம் அதைப் படித்துவிட்டு, அந்தக் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்திருக்கலாமே என்றாள். பிறகு பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

சென்னையில் மூன்று டாக்டர்களும் மாறி மாறி என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். மடக்கு, நீட்டு, திருப்பு. ஒரு காகிதம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். முந்தின நாள் புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு பற்றி ஒரு செய்தி எழுதினேன். ஒருவர் அதைப் படித்து, இதில் பாதி எனக்குத் தெரியாது என்றார். அது அவர்களுடைய குழுவில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

முடிவு தபாலில் வந்தது. வேலைக்குத் தகுதி. அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம் முடிந்த பின், இயற்கையாகவே கை குணமடைந்திருக்கிறது. வைத்தியம் எதுவும் அளிக்கப்படாததால் மதாம் பிலோமினின் பில் திருப்பி அனுப்பப்படுகிறது.

வேலை தப்பியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். ஆங்கிலம் அவளுக்கு வராது. வாசலில் நின்று தமிழில் சொன்னேன். ஒரு முறை கேட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

"இயற்கையா?"

"ஆமாம்."

"மேலே அதிகாரிகளுக்கு எழுதிப் போடலாம்" என்றேன் நானே தொடர்ந்து. "பத்திரிகையிலயும் எழுதறேன்."

"ஏற்கெனவே ஒரு தடவை எங்களைப் பத்தி எழுதின. போதும்."

சட்டைப் பையில் பணம் கொண்டு போயிருந்தேன். எடுத்தேன். வலது கையால்தான். அவள் அந்தக் கை எவ்வளவு தூரம் வந்தது என்று பார்த்தாள், பணத்தைப் பார்க்கவில்லை.

"இயற்கைக்குக் குடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஆனாலும் விடாமல் ஆபீஸுக்கு எழுதினேன். புதுச்சேரியில் வசித்துக்கொண்டு இன்ஷூரன்ஸுக்குப் பணம் கட்டுகிறவர்கள், இப்படிக் கை கால் உடைந்தால் அங்கீகாரம் பெற்ற ஆள் இல்லாமல் கடலூருக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று, அலைந்த விவரங்களோடு எழுதினேன். மதாமின் தகுதிகளை எழுதினேன். நீண்ட நாள் பதில் இல்லை. பிறகு வந்தது. என் புகார் நியாயமானது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரிவாசிகள் இனி அலைய வேண்டாம், அங்கீகாரம் பெற்ற மசாஜ்காரர் வாரத்துக்கு இரண்டு நாள் இங்கேயே வருவார் என்று தெரிவித்திருந்தார்கள். சுட்டிக்காட்டியதற்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

முருகேசம் இப்போது மதாம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்திருக்கிறார். சிரித்த முகம், காய்ச்சிய எண்ணெய், தோளைப் பிடிக்க ஆள், எல்லாம் உண்டு. வாசலில் கூட்டம் இருக்கிறது. பில் உடனே பாஸாகிறது. இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். முழங்கையை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம்.